தூரத்து உறவுகளோடு செபமும் செய்தியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடும்பம் ஆளுக்கொரு ஊரில் இருக்கும்போது வீட்டுச் செய்தி, செப விண்ணப்பம், விசுவாசம் பற்றிய பேச்சு எல்லாமே கைப்பேசி வழியாகத்தான் போய் வருகின்றன. யாரிடம் எதை, எப்போது, எவ்வளவு சொல்வது என்ற குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. கத்தோலிக்கக் குடும்பங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். திருச்சபைச் சட்டம் தெளிவாக இருக்கும் இடத்தில் அதைச் சொல்லியிருக்கிறேன். மற்றதெல்லாம் என் கருத்து, உங்களுக்கு ஒத்துவந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுச் செய்தி எழுதும்போது விசுவாசத்தையும் சேர்த்து எழுதலாமா? பிரசங்கம் மாதிரி ஆகிவிடாதா?

பவுலடியார் சேர்த்துத்தான் எழுதினார். உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் பதினைந்து அதிகாரம் கனமான போதனை. பதினாறாவது அதிகாரத்தைத் திறந்தால் இவருக்கு வாழ்த்து, அவருக்கு வாழ்த்து என்று ஒரே பெயர்ப்பட்டியல்; ரூபுவின் அம்மா எனக்கும் அம்மாதான் என்கிறார். திமொத்தேயுவிடம், துரோவாவில் விட்டுவந்த போர்வையை எடுத்துவா, குளிர்காலத்துக்கு முன்னால் வந்துவிடு என்று கேட்கிறார். பிலமோனிடம் தங்க இடம் தயார் செய்யச் சொல்கிறார். பிலிப்பியர் தம்மிடம் அனுப்பிய தோழர் நோயில் விழுந்து சாவின் விளிம்புக்குப் போய்ப் பிழைத்ததை எழுதும்போது, தான் படுத்த செய்தி ஊருக்குத் தெரிந்துவிட்டதே என்று அந்த மனிதர் வருத்தப்படுவதையும் விடாமல் எழுதுகிறார். நம் வீட்டுக் கடிதங்களில் வருவதும் இதுதானே.

எழுதுகிறவர் தன்னைப் பற்றிச் சொல்வதை நிறுத்திவிட்டு, படிக்கிறவருக்குப் பாடம் நடத்த ஆரம்பிக்கும் இடத்தில் அது பிரசங்கமாகிவிடும். "ஸ்கேன் முடிவுக்காக உட்கார்ந்திருந்தபோது பயமாக இருந்தது, செபமாலையை எடுத்தேன், மூன்றாவது பத்தைத் தாண்டவில்லை, தூங்கிவிட்டேன்" என்று எழுதினால் தம்பி படிப்பான். "கடவுளை நம்பு, எல்லாம் சரியாகும்" என்று எழுதினால் கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் போய்விடுவான்.

குடும்பக் குழுவில் தினமும் காலையில் வசனம் போட்ட படம் அனுப்புகிறேன். யாரும் பதில் போடுவதில்லை. நிறுத்திவிடலாமா?

பெரும்பாலானவர்கள் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை, உண்மை அதுதான். ஆனால் நிறுத்துவதற்கு முன் ஒரு விஷயம். அம்மாவின் காலைப் படம் ஒருநாள் வராவிட்டால் "உடம்பு சரியில்லையா?" என்று கூப்பிடுகிற பிள்ளைகள் நிறைய வீடுகளில் உண்டு. அங்கே அந்தப் படம் "எழுந்துவிட்டேன், நன்றாக இருக்கிறேன்" என்கிற வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. அந்த அளவில் இருந்துவிட்டுப் போகட்டும்.

விசுவாசத்தைப் பகிர்வதுதான் நோக்கம் என்றால் படத்தைவிட ஒரு வரி மேல். அன்றைய நற்செய்தியில் உங்களை நிறுத்திய ஒரு சொல்லை, அது ஏன் நிறுத்தியது என்பதோடு, ஒரே ஒருவருக்கு அனுப்புங்கள். வாரத்துக்கு ஒன்று போதும்.

"பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்ல செய்தி வரும், அனுப்பாவிட்டால் துன்பம் வரும்" என்று புனிதர் படத்தோடு வருகிறதே?

அழித்துவிடுங்கள். செபத்துக்கு மந்திர சக்தி ஏற்றுவதை மூடநம்பிக்கை என்றுதான் திருச்சபையின் மறைக்கல்வி நூல் சொல்கிறது. அனுப்பியவர் பெரியம்மாவாக இருந்தால் குழுவில் வைத்துத் திருத்த வேண்டாம்.

உறவில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை. செபிக்கச் சொல்லி எல்லாருக்கும் அனுப்பலாமா?

முதலில் அவரிடம் கேளுங்கள். உங்களுக்காகச் செபிக்கச் சொல்லட்டுமா, பெயர் சொல்லலாமா, என்ன நோய் என்று சொல்லலாமா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்பது நல்லது. முதல் இரண்டுக்குச் சரி என்பவர் மூன்றாவதற்கு வேண்டாம் என்று சொல்லலாம். நோய் அவருடையது, ஆகவே செய்தியும் அவருடையதுதான்.

செபிக்கிறவர்களுக்கு முழு விவரம் தெரிய வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். நற்செய்தியில் மார்த்தாவும் மரியாவும் இயேசுவுக்குச் சொல்லி அனுப்பியது ஒரே வரி: உம் நண்பன் நோயுற்றிருக்கிறான். என்ன நோய், எத்தனை நாளாக, யார் பார்த்துக்கொள்கிறார்கள், ஒன்றும் இல்லை. கானாவூர்க் கலியாணத்தில் மாதா சொன்னதும் இரசம் தீர்ந்துவிட்டது என்பது மட்டும்தான். யார் கணக்குத் தப்பியது என்று அங்கே பேச்சே இல்லை. நம் செப விண்ணப்பங்களோ பல நேரம் மருத்துவ அறிக்கை மாதிரி நீள்கின்றன. சில நேரம் அதைவிட மோசம். "அவர்கள் குடும்பத்துக்காகச் செபியுங்கள், மருமகள் வீட்டைவிட்டுப் போய்விட்டாளாம்" என்பதில் செபம் எங்கே முடிகிறது, ஊர்க்கதை எங்கே தொடங்குகிறது?

மறைக்கல்வி இதில் கண்டிப்பாகவே இருக்கிறது. ஒருவருடைய குறையை, அது உண்மையாகவே இருந்தாலும், தக்க காரணமில்லாமல் அதை அறியாதவர்களிடம் வெளிப்படுத்துவது எட்டாம் கட்டளைக்கு எதிரான பாவம். முன்னால் "செபத்துக்காகச் சொல்கிறேன்" என்று போட்டுக்கொண்டால் அது மாறிவிடாது. கடன், குடிப்பழக்கம், மணமுறிவு, மனநோய், நின்றுபோன நிச்சயம், கலைந்த கரு, தேர்வில் தோற்ற பிள்ளை இவற்றில் இரண்டு மடங்கு கவனம் வேண்டும். பிள்ளைகள் சின்னவர்கள்தானே என்று அவர்களுடைய விஷயத்தைத் தாராளமாகப் போட்டுவிடுகிறோம். அவர்களும் வளர்ந்து ஒருநாள் அந்தக் குழுவுக்குள் வருவார்கள்.

கேட்கும் நிலையில் அவர் இல்லை, அவசரம் என்றால் "நம் குடும்பத்தில் ஒருவர் கடினமான நிலையில் இருக்கிறார், இப்போது ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லுங்கள்" என்று மட்டும் போடுங்கள். "யார்? யார்?" என்று உடனே கேட்பார்கள். பிறகு சொல்கிறேன் என்று விட்டுவிடலாம்.

அப்புறம், விண்ணப்பத்தில் தேதி போடுங்கள். தேதியில்லாத செய்தி கை மாறிக் கை மாறிச் சுற்றிக்கொண்டே இருக்கும்; குணமாகி வீட்டுக்கு வந்தவருக்கும், ஏற்கெனவே அடக்கம் ஆனவருக்கும்கூட "கவலைக்கிடம், செபியுங்கள்" என்று வந்துகொண்டிருக்கும். இரண்டாவது நடந்தால் அந்த வீட்டார் படும் பாடு சொல்லி முடியாது.

"செபிக்கிறேன்" என்று பதில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறேன்.

பதிலைத் தட்டுவதற்கு முன் செபித்துவிடுங்கள். ஒரு அருள்நிறைந்த மரியேவுக்கு அரை நிமிடம்கூட ஆகாது. முடித்தபின் "இப்போதுதான் செபித்தேன்" என்று போடலாம். கேட்டவருக்கு அந்த இறந்தகாலம் தெம்பு தரும். நாள்தோறும் தொடர வேண்டிய கருத்து என்றால் பெயரைச் செபப் புத்தகத்துக்குள் ஒரு துண்டுத் தாளில் எழுதி வையுங்கள்.

செபம் கேட்டவர்களுக்கு முடிவைச் சொல்ல வேண்டுமா?

கட்டாயம். குணம் பெற்ற பத்துத் தொழுநோயாளரில் திரும்பி வந்து நன்றி சொன்னது ஒருவர்தான். நம் குழுக்களிலும் கணக்கு ஏறத்தாழ அப்படித்தான் இருக்கும். அறுவைச் சிகிச்சைக்குச் செபம் கேட்பவர்கள் வீடு திரும்பியதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். செபித்தவர் கேட்கவும் கூச்சப்பட்டு, தெரியாமலே இருந்துவிடுகிறார். நினைத்தபடி நடக்கவில்லை என்றாலும் சொல்லுங்கள்.

நல்ல செய்தியிலும் ஒரு பக்கம் உண்டு. நீங்கள் குழந்தை உண்டாகியிருக்கிறீர்கள், உங்கள் அக்கா ஆண்டுக்கணக்காக அதற்காகவே நவநாள் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றால், குழுவில் அறிவிப்பதற்கு முன்னால் அவருக்குத் தனியாகச் சொல்லிவிடுங்கள். முடிந்தால் எழுத்திலேயே சொல்லுங்கள். தொலைபேசியில் சொன்னால் அந்த நொடியே அவர் சந்தோஷக் குரலை வரவழைத்தாக வேண்டும். எழுத்தில் சொன்னால், அழ வேண்டும் என்றால் அழுதுவிட்டு, பிறகு கூப்பிடுவார்.

ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். சேர்ந்து செபமாலை சொல்வது எப்படி?

வீடியோ அழைப்பில் எல்லாரும் சேர்ந்து வாய்விட்டுச் சொன்னால் குரல்கள் முன்னும் பின்னுமாக வந்து மோதும், இரண்டாவது மணியிலேயே சிரிப்பு வந்துவிடும். ஒருவர் முதல்பாதியைச் சொல்ல, இன்னொருவர் மட்டும் மைக்கைத் திறந்து "அர்ச்சிஷ்ட மரியாயே" என்றோ "தூய மரியே" என்றோ பதில் சொல்லட்டும். மற்றவர்கள் மைக்கை மூடிவிட்டுத் தங்கள் இடத்திலேயே வாய்விட்டுச் சொல்லலாம். ஒரு நாளுக்குத் தியானிக்கும் மறையுண்மைகள் (இயேசு, மாதா வாழ்வின் நிகழ்வுகள்) ஐந்து, ஐந்து வீடு இருந்தால் வீட்டுக்கு ஒரு பத்து, அதாவது பத்து அருள்நிறைந்த மரியே. ஒவ்வொரு பத்துக்கும் முன்னால் அந்த வீட்டார் ஒரே ஒரு கருத்தைச் சொல்வது என்று வைத்துக்கொண்டால், வீட்டுச் செய்தியும் தானாக வந்து சேர்ந்துவிடும். எந்த நாளுக்கு எது என்று மறந்திருந்தால்: திங்களும் சனியும் மகிழ்ச்சி, செவ்வாயும் வெள்ளியும் துயரம், புதனும் ஞாயிறும் மகிமை, வியாழன் ஒளி. ஒளியின் மறையுண்மைகளைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2002இல் சேர்த்தார். பாட்டிக்கு அது மனப்பாடமாக இல்லாவிட்டால் ஆச்சரியமில்லை, அவரைத் திருத்த வேண்டாம்.

நேர வித்தியாசத்தால் ஒன்றாக உட்காரவே முடியவில்லை என்றால், அதற்கும் பழைய வழி ஒன்று இருக்கிறது. பிரான்சில் லியோன் நகரத்துப் பெண் பவுலின் ஜாரிக்கோ 1826இல் 'உயிருள்ள செபமாலை' என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார். அப்போது மறையுண்மைகள் பதினைந்து. பதினைந்து பேர் கொண்ட ஒரு குழு. ஆளுக்கு ஒரு மறையுண்மை, நாளுக்கு ஒரு பத்து மட்டும். அவரவர் அவரவர் இடத்தில், அவரவர் நேரத்தில் சொல்ல, குழு தினமும் முழுச் செபமாலையைச் சொல்லி முடித்துவிடும். மாதம் ஒருமுறை சீட்டுப் போட்டு மறையுண்மைகளை மாற்றிக்கொள்வார்கள். ஜாரிக்கோ 2022இல் அருளாளராக உயர்த்தப்பட்டார். இன்று இருபது மறையுண்மைகள். பெரிய குடும்பம் என்றால் ஆளுக்கு ஒன்று, சின்னக் குடும்பம் என்றால் அன்றைய ஐந்தை மட்டும் பிரித்துக்கொள்ளலாம். வேலை, பரீட்சை, கைக்குழந்தை என்று ஓடுகிறவர்கள்கூட ஒரு பத்தை விடமாட்டார்கள். முழுச் செபமாலைக்கு வா என்று கூப்பிட்டால் வராதவர்கள் இதற்கு வருகிறார்கள். என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் முயன்று பார்க்கச் சொல்வேன்.

கைப்பேசியில் சேர்ந்து திருப்பலி பார்த்தால் ஞாயிறு கடன் தீர்ந்துவிடுமா? ஒப்புரவு (பாவசங்கீர்த்தனம்)?

ஞாயிறு கடன் கோயிலுக்கு நேரில் போய்த் திருப்பலியில் பங்குகொள்வதால்தான் தீரும். நோயாளிகள், அவர்களை விட்டு நகர முடியாதவர்கள், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்பவர்கள் இவர்களுக்கு அந்தக் கடனே அப்போது இல்லை. ஆகவே படுக்கையில் இருக்கும் அப்பா திரையில் பார்த்துச் செபிப்பது நல்லது, ஆனால் அதைக் கடனாக நினைத்துத் தவிக்க வேண்டியதில்லை. அவருடைய பங்கில் சொல்லி வீட்டுக்கு நற்கருணை கொண்டுவர ஏற்பாடு செய்யுங்கள், தூரத்திலிருந்தே ஒரு தொலைபேசி அழைப்பில் முடிகிற காரியம். ஒப்புரவு அருட்சாதனத்தைத் தொலைபேசியிலோ வீடியோவிலோ பெற முடியாது.

வளர்ந்த பிள்ளை கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டான். பேசினால் சண்டை, பேசாவிட்டால் மனசாட்சி உறுத்துகிறது.

இந்தக் கேள்வி வந்தால் எல்லாரும் புனித மோனிக்காவைக் காட்டுவார்கள்: அழுதார், செபித்தார், மகன் அகுஸ்தினார் மனம் திரும்பினார். கதையில் சாதாரணமாகச் சொல்லாமல் விடும் இரண்டு இடங்கள்தான் உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன். இரண்டையும் அகுஸ்தினாரே எழுதி வைத்திருக்கிறார்.

மகன் மானிக்கேயம் என்ற, திருச்சபை ஏற்காத கொள்கையில் சேர்ந்ததும் மோனிக்கா அவரோடு ஒரே வீட்டில் இருக்கவும் ஒரே பந்தியில் சாப்பிடவும் மறுத்துவிட்டார். அப்புறம் ஒரு கனவு கண்டார். மகனும் தன்னோடு ஒரே இடத்தில் நிற்பதாக அதில் தெரிந்தது. அதன்பின் மகனைத் திரும்பப் பந்திக்குச் சேர்த்துக்கொண்டார். அப்போது மகன் ஒன்றும் மாறியிருக்கவில்லை. மாறியது அம்மாதான்.

அடுத்தது, ஒரு ஆயரிடம் போய் "என் மகனிடம் நீங்கள் பேசிப் புரிய வையுங்கள்" என்று கெஞ்சினார். ஆயர் மறுத்துவிட்டார். அவரே சின்ன வயதில் அந்தக் கூட்டத்தில் வளர்ந்தவர். இப்போது அவன் கேட்கும் நிலையில் இல்லை, விட்டுவிடுங்கள், அவனுக்காகச் செபியுங்கள், படித்துப் படித்துத் தானே தெரிந்துகொள்வான் என்றார். மோனிக்கா விடாமல் அழுததால்தான், சற்றே எரிச்சலோடு, இத்தனை கண்ணீரின் பிள்ளை அழிந்துபோக முடியாது என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது. நாம் அந்தக் கடைசி வரியை மட்டும் படம் போட்டு அனுப்புகிறோம். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் கழித்துத்தான், 387ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவில், மிலான் நகரில் புனித அம்புரோஸ் கையால் அகுஸ்தினார் திருமுழுக்குப் பெற்றார்.

இன்றைக்கு என்ன செய்யலாம்? "இந்த வாரம் பூசைக்குப் போனாயா?" என்ற கேள்வியைக் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள். பதில் உங்களுக்கே தெரியும், அந்தக் கேள்வி அவனைப் பொய் சொல்லத்தான் பழக்குகிறது. "திங்கட்கிழமை உனக்கு நேர்காணல் என்றாயே, அதற்காகச் செபித்தேன், எப்படிப் போயிற்று?" என்று கேளுங்கள். நீங்கள் செபிக்கிறவர் என்பதை மறைக்க வேண்டாம், அவனும் செபிக்கவேண்டும் என்று அதில் கோர்க்கவும் வேண்டாம். அவனாகக் கோயிலைப் பற்றியோ, கோயிலில் பட்ட காயத்தைப் பற்றியோ பேச்செடுத்தால் முழுதாகக் கேளுங்கள். அந்தக் காயம் உண்மையாக இருக்கலாம்.

பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க மகனும் மருமகளும் தயாராக இல்லை. நானே வீட்டில் தண்ணீர் ஊற்றிவிடலாமா?

கூடாது. குழந்தையின் திருமுழுக்குக்குத் தாய் தந்தையில் ஒருவராவது சம்மதிக்க வேண்டும், கத்தோலிக்க விசுவாசத்தில் அது வளர்க்கப்படும் என்ற நியாயமான நம்பிக்கையும் வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 868 சொல்கிறது. சாகும் ஆபத்தில் இருந்தால் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி "தந்தை, மகன், தூய ஆவியார் பெயராலே உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்" என்று சொல்லிக் கொடுக்கலாம், உடனே பங்கில் தெரிவிக்க வேண்டும். ஆபத்து எதுவுமில்லாத, துள்ளி விளையாடும் குழந்தைக்குக் குளியலறையில் ரகசியமாகச் செய்தால், அது தெரியவரும் நாளில் பேரப்பிள்ளையைப் பார்க்கவே விடாமல் போய்விடுவார்கள். தாத்தா பாட்டி நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதிக்க எந்தத் தடையும் இல்லை. திமொத்தேயுவுக்கு விசுவாசம் முதலில் பாட்டி லோயியிடம்தான் இருந்தது என்று பவுலே எழுதியிருக்கிறார்.

தூரத்தில் இருக்கும் தங்கையை ஞானத்தாயாக வைக்கலாமா?

தூரம் தடையில்லை. பொதுவாக 16 வயது நிரம்பி, உறுதிப்பூசுதலும் நற்கருணையும் பெற்று, விசுவாசத்துக்கு ஏற்ற வாழ்வு நடத்தும் கத்தோலிக்கராக இருக்க வேண்டும். ஒருவர் போதும், இருவர் என்றால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். திருமுழுக்குப் பெற்ற வேறு சபையினர், கத்தோலிக்க ஞானப்பெற்றோர் ஒருவரோடு சேர்ந்து சாட்சியாக நிற்கலாம். பிறந்தநாளை எல்லாரும் நினைவு வைத்திருப்பார்கள், திருமுழுக்கு நாளுக்கு வாழ்த்துவதைத் தங்கையின் வேலையாகக் கொடுத்துவிடுங்கள்.

வேறு மதத்தைச் சேர்ந்த மருமகள் இருக்கும்போது குடும்ப செபம்?

எப்போதும் போல் நடக்கட்டும், சுருக்கமாக. உட்காரலாம், போகலாம் என்பது அவருக்கு உண்மையாகவே திறந்திருக்க வேண்டும். அவருடைய பெற்றோருக்காகவும் பெயர் சொல்லி மன்றாடுங்கள்.

வீட்டில் ஒருவர் இறுதி நிலையில் இருக்கிறார். யாருக்கு முதலில் சொல்வது?

குருவானவருக்கு. நோயில்பூசுதலை இன்னமும் பலர் அவஸ்தைப் பூசுதல் என்ற பழைய நினைப்பில், மூச்சு இழுக்கும்வரை தள்ளிப் போடுகிறார்கள். கடுமையான நோய், பெரிய அறுவைச் சிகிச்சை, முதுமைத் தளர்ச்சி இவற்றுக்கெல்லாம் கேட்கலாம். நிலைமை மோசமானால் மறுபடியும் பெறலாம். அது உயிரோடு இருப்பவருக்கான அருட்சாதனம். நினைவு இருக்கும்போதே வந்தால் ஒப்புரவும் நற்கருணையும் பெற முடியும்.

இறந்தபின் பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், துணை இவர்களுக்குக் குரலில் சொல்லுங்கள், ஒவ்வொருவராக. பெற்ற தாயின் சாவை "இரங்கல்கள்" என்று யாரோ போட்ட செய்தியிலிருந்து ஒரு மகள் தெரிந்துகொள்ளக் கூடாது. எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது என்று உறுதியானபின் ஒருவர் மட்டும் குழுவில் எழுதட்டும்: பெயர், இறந்த நாள், அடக்கத் திருப்பலி எங்கே, எத்தனை மணிக்கு, விவரம் கேட்க யாரைக் கூப்பிடுவது. வர முடியாதவர்களுக்கு நேரலை உண்டா என்பதையும் அதிலேயே சேர்த்துவிட்டால், துக்கத்தில் இருப்பவர்களுக்கு நூறு அழைப்பு மிச்சமாகும்.

கல்லறைக்குக்கூடப் போக முடியாத தூரத்தில் இருக்கிறேன். இறந்தவருக்கு நான் என்ன செய்வது?

மோனிக்கா கணவரின் பக்கத்தில் அடக்கமாக வேண்டும் என்று கல்லறை எல்லாம் ஏற்பாடு செய்து வைத்திருந்தவர். வீடு திரும்பும் வழியில், ஓஸ்தியா துறைமுகத்தில் படுத்தபோது, இந்த உடலை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், நீங்கள் எங்கே இருந்தாலும் ஆண்டவரின் பீடத்தில் என்னை நினையுங்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டார். ஆகவே உங்கள் ஊர்க் கோயிலிலேயே பூசைக் கருத்துக் கொடுங்கள். திருப்பலியை உயிரோடு இருப்பவருக்காகவும் இறந்தவருக்காகவும், கத்தோலிக்கர் அல்லாதவருக்காகவும்கூட ஒப்புக்கொடுக்கலாம். காணிக்கை கொடுப்பது வழக்கம், இல்லாதவர் கொடுக்காமலும் கேட்கலாம். ஏழைகளின் கருத்துக்குக் காணிக்கை இல்லாமலே திருப்பலி ஒப்புக்கொடுக்கும்படி சட்டமே குருக்களைக் கேட்டுக்கொள்கிறது. ஒரே ஆன்மாவுக்காக இடைவிடாமல் 30 நாள் ஒப்புக்கொடுப்பது கிரகோரியன் பூசை, அதை எல்லாப் பங்கிலும் ஏற்க முடியாது, விசாரித்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைத் தோட்டத்துக்குப் போய் இறந்தோருக்காகச் செபித்தால், வழக்கமான நிபந்தனைகளோடு, அவர்களுக்காகப் பரிபூரண பலன் (பாவத்துக்கான தண்டனை முழுவதும் நீங்கும் அருள்) பெறலாம். உங்கள் அப்பாவின் கல்லறையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, பக்கத்தில் இருக்கும் எந்தக் கல்லறைத் தோட்டமும் சரிதான். பூசைக்குத் தேதி கிடைத்ததும் அம்மாவுக்குச் சொல்லிவிடுங்கள். அதே நேரத்துக்கு அவர் அங்கே செபமாலையோடு உட்கார்ந்துகொள்வார்.